கடல் கடக்குமுன் கரையை அறிவோம்

தமிழ்நாட்டில் ஆரணி என்னும் பெயர் தாங்கிய ஊர்கள் இரண்டு உள்ளன. பட்டுச் சேலைக்குப் பேர்போன ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. நாம் இங்கே எழுதப் புகுவது மற்றதைப் பற்றி. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்திலிருந்து புதுவாயல் செல்லும் சாலையில், ஆரணியாற்றின் கரையில் அமைந்துள்ள சிறிய பேரூர் அது. கிழக்கே சென்றால் கொல்கத்தா நெடுஞ்சாலை; அதில் வடக்கு நோக்கித் திரும்பினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பொழுது நன்கு புலருமுன்னரே ஷிப்டுக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைப் பேருந்துகள் புறப்பட்டுவிடுகின்றன. வயலுக்குப் போகிறவரும் ஆலைக்குப் போகிறவரும் ஒரே கடையில் நின்று தேநீர் அருந்தும் ஊர் என்று சொன்னால், வாசகர்களுக்கு அதன் தோற்றம் விளங்கிவிடும்.

இவ்வூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று உண்டு. தந்தை சிப்காட்டில் ஓர் ஆலையில் இயந்திரம் இயக்குபவர். தாய் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். மூத்த மகள் சென்னையிலுள்ள கல்லூரி ஒன்றில் புவியியல் பயில்கிறாள். நாள்தோறும் பேருந்தில் சென்று, மின்சார ரயிலைப் பிடித்துக் கல்லூரி சேர்ந்து, இரவு வீடு திரும்புகிறவள். ஒரு நாளேனும் விடுதியில் தங்கியவளல்லள். அத்தகைய பெண்ணுக்கு, நெதர்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு செமஸ்டர் பயிலும் வாய்ப்பு, கல்லூரியின் வழியாகவே கிட்டியது. ஆகஸ்டு இறுதியில் சென்று ஜனவரி முடிவில் திரும்ப வேண்டும்.

செய்தி கேட்டு வாழ்த்துக் கூற நாம் சென்றிருந்தபோது, வீட்டில் மகிழ்ச்சியைக் காட்டிலும் கலக்கமே மிகுந்திருக்கக் கண்டோம். திண்ணையில் அமர்ந்திருந்த ஆயா, "ஐந்து மாதம் என்கிறாள். ஐந்து நாள் இவள் எங்களை விட்டுப் பிரிந்திருந்ததுண்டா? அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு யார் கூடப் போவாள்?" என்று நம்மைக் கேட்டார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

தாளும் பணமும்

இவ்வகைப் படிப்பைப் பரிமாற்றக் கல்வி என்பர். இரண்டு கல்லூரிகள் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒன்றின் மாணவர் மற்றொன்றில் ஒரு பருவம் பயில இடங்கொடுக்கின்றன. கல்விக் கட்டணம் பெரும்பாலும் சொந்தக் கல்லூரிக்குச் செலுத்துவதோடு முடிந்துவிடும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட்டுகள் என்பது பொதுவான அளவு. நெதர்லாந்தில் ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். ஆக, 840 மணி நேரம். அங்கே பயிலும் பாடங்கள் இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்பதைப் புறப்படுமுன்னரே இரு கல்லூரிகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்ஙனம் செய்யாமற்போனால் படித்த படிப்பு கணக்கில் சேராது.

அடுத்தவை தாள்கள். நம் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டே தவிரக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டிலோ முதலெழுத்தை விரித்து எழுதவேண்டும். இப்பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயரும், பள்ளிச் சான்றிதழில் வீட்டில் அழைக்கும் பெயரும் பதிவாகியிருந்தன. அதனைச் சீர்செய்யவே பல வாரங்கள் சென்றன. பிறப்புச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' முத்திரையும் பெற வேண்டியிருந்தது. அதற்குரிய பன்னாட்டு உடன்பாட்டில் இந்தியா 2005ஆம் ஆண்டு முதல் பங்குகொண்டிருக்கிறது. 90 நாட்களுக்கு மேற்பட்ட தங்கலாகையால் நெதர்லாந்துக்கான நுழைவு அனுமதியையும் தங்கும் அனுமதியையும் அந்நாட்டுப் பல்கலைக்கழகமே விண்ணப்பித்துப் பெற்றுத்தருகிறது. நம் நாட்டவர் அங்கு சென்றபின் காசநோய்ப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். இவை யாவும் கடினமானவையல்ல; ஆனால், ஒன்றன்பின் ஒன்றாகக் காலம் கொள்பவை. நம் பங்குகளிலுள்ள பெற்றோர்கள், பிள்ளை வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும், பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் இன்றே அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

பணத்தின் கதை வேறு. விமானக் கட்டணம், அறை வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு ஆகிய அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பு. கல்லூரி ஒரு பகுதி உதவியது. எஞ்சியதற்கு, மகளின் திருமணத்திற்கென்று தாய் பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகையை அடகு வைப்பதென்று முடிவாயிற்று. ஆயாவின் கலக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம். "ஐந்து மாதப் படிப்புக்கு ஐந்து பவுனா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று எவர் கூறக்கூடும்?

இவற்றுக்கெல்லாம் மேலாக, தங்கும் அறை அதுவரை கிடைத்தபாடில்லை. நெதர்லாந்தில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையானது. அறை உறுதியாகாதவர்கள் புறப்பட்டு வரவேண்டாம் என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவே அயல்நாட்டு மாணவரை எச்சரித்திருக்கின்றன. இதனிடையே, முன்பின் அறியாத ஒருவர் அழகிய அறை ஒன்றின் படங்களை அனுப்பி, இரண்டு மாத வாடகையை உடனே அனுப்பினால் சாவி தருவதாக எழுதியிருந்தார். பெண் அனுப்பத் துணிந்துவிட்டாள். தந்தை, "பார்க்காத வீட்டுக்கு யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா, அம்மா? பொன்னேரியில் கொடுப்போமா?" என்று ஒரே கேள்வியில் அதை நிறுத்திவிட்டார். பொன்னேரியில் செய்யத்தகாதது நெதர்லாந்திலும் செய்யத்தகாததே. அத்தகைய படங்களைக் காட்டிப் பணம் பறிப்போர் பலர் உளர் என்பதைக் கல்லூரியில் விசாரித்தபின் அறிந்தனர்.

முன்னே சென்ற ஒருவர்

உணவைப் பற்றிய பேச்சும் எழுந்தது. தாய் நெய்யும் பால்கோவாவும் கட்டிக்கொடுக்க எண்ணியிருந்தார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நம் நாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுசெல்லுதல் ஆகாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை உண்டு. சாம்பார்ப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் பெட்டியில் இடமுண்டு என்று அறிந்து தாய் ஆறுதலடைந்தார். ஆனால், பொடி மட்டும் போதாது, சமைக்கத் தெரியவேண்டும். இதனைச் சொல்லும்போது நமக்குக் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வந்தார்.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் அவர் 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. குடுமியைக் களைந்து, மேனாட்டு உடையணிந்து, முள்கரண்டி பிடிக்கவும் பழகிக்கொண்டார். அந்தக் கோலத்தில் தம்மைக் காணலாகாதென்று தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். வெளித்தோற்றத்திற்கான ஆயத்தம் நிறைவாகவே நடந்தது. ஆனால், அங்கே குளிரும், போர்க்காலத் தட்டுப்பாடும், தாமே சமைத்து உண்ட அரைகுறை உணவும், தனிமையும் ஒன்றுசேர, 1917இல் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு ஏப்ரலில், 32 வயதில் மறைந்தார். உலகம் போற்றும் அறிவும் உடலை மறந்தால் தங்காது. இதைக் கேட்ட பெண் அன்று மாலையே அடுப்படியில் தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

ஒரு வரியால் வந்த வருத்தம்

அங்கு சென்றதும் ஒவ்வொரு மாணவரும் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, தம் ஊரைப் பற்றிச் சில மணித்துளிகள் பேசவேண்டுமாம். அதற்கென எழுதி வைத்திருந்த தாளை அவள் நமக்குக் காட்டினாள். முதல் வரி, 'நான் சென்னையைச் சேர்ந்தவள்' என்றிருந்தது. தந்தை அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே சென்றார்.

"ஆரணி என்றால் இங்கேயே பட்டு ஆரணியா என்று கேட்கிறார்கள். அங்கே யாருக்குத் தெரியும்? சொல்வதற்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்றாள் அவள். அதில் ஆணவம் இல்லை, அறியாமைதான் இருந்தது. புவியியல் பயிலும் மாணவி, தன் வீட்டுப் பின்புறம் ஓடும் ஆறு எங்கே போய்ச் சேர்கிறதென்று சென்று பார்த்ததில்லை. அக்குறை அவளுடையது மட்டுமன்று. நம் வீடுகள் தோறும் இதே குறைதான்.

எனவே, தந்தைக்கு ஓய்வுநாளான ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்ததும் அவரும் மகளும் ஆயாவும் நாமுமாக, ஒரு வாடகை வண்டியில் ஆற்றின் போக்கிலேயே கடல்வரை சென்றுவரப் புறப்பட்டோம்.

ஆற்றின் வழியே

ஜூன் மாதமாகையால் ஆற்றில் மணல்தான் இருந்தது. ஆரணியாறு ஆந்திரத்து மலைப்பகுதியில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்தில் நுழைந்து, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டில் கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்து, அணையும் திறந்துவிட்டால் கரைமீறும். "என் சிறுவயதில் இந்த மணலை ஒரு முழம் தோண்டினால் ஊற்று வரும். அதில்தான் குடத்தை நிரப்புவோம்" என்றார் ஆயா. பேத்தி அதை முதன்முறையாகக் கேட்பதுபோல் கேட்டுக் கைப்புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

புதுவாயலில் நெடுஞ்சாலையைத் தொட்டு, பொன்னேரியைக் கடந்து, பழவேற்காட்டை அடைந்தபோது முற்பகலாயிற்று. கண்ணெட்டிய தூரம் நீர்ப்பரப்பு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்திறங்கும். கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள முகத்துவாரத்தை அடிக்கடி மணல் அடைத்துவிடுகிறது. அது அடைபட்டால் படகு கடலுக்குப் போகாது. மீனும் இறாலும் ஏரிக்குள் வாரா. அதனைத் திறந்து வைக்கவேண்டும் என்பதே இங்குள்ள மீனவ மக்களின் நெடுநாளைய கோரிக்கை.

பெண் சற்று நேரம் மௌனமாக நின்றாள். பின்னர், "நான் போகிற நாட்டில் கால்பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நான் இறங்கப்போகும் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையமே கடல் மட்டத்துக்குக் கீழே. கடலை உள்ளே விடாமலிருக்கக் கரை கட்டிக் காக்கிறார்கள். இங்கே கடல் உள்ளே வரவேண்டுமென்று கேட்கிறார்கள்" என்றாள். அவளுடைய ஆசிரியர்கள் அங்கு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பர். தன் ஊரிலிருந்து அந்த நாட்டுக்குக் கொண்டுசெல்லத் தக்க ஒரு கேள்வி அவளுக்குக் கிடைத்துவிட்டது.

திறந்த கதவு

போர்த்துகீசியர் 1515ஆம் ஆண்டில் எழுப்பியதாக வழிவழியாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயத்தில் சற்று நேரம் செபித்துவிட்டு, டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்தை அடைந்தோம். டச்சுக்காரர் என்போர் இவள் செல்லவிருக்கும் நெதர்லாந்து நாட்டவரே. அவர்கள் 1610இல் பழவேற்காட்டில் கால்வைத்து, 1613இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இது பல்லாண்டுகள் விளங்கியது. இப்பகுதி நெசவாளரின் துணிகளைக் கொண்டுசென்றே கிழக்குத் தீவுகளில் நறுமணப் பொருட்களை வாங்கினர். மெக்சிகோ நாட்டில் இன்றும் கைக்குட்டைத் துணிக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். அது பழவேற்காடு என்னும் பெயரின் திரிபே. ஊரின் பெயர் அத்தனை தொலைவு சென்றிருக்கிறது!

துணி மட்டும் சென்றதன்று. 17ஆம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவாகிய படேவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பஞ்சத்தில் பசிக்கு விற்கப்பட்டவர்கள் அவர்களுள் பலர். கல்லறைத் தோட்டத்து வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே செதுக்கு வேலைப்பாடமைந்த கற்களில் வணிகரின் பெயர்கள் இருக்கின்றன. கப்பலேற்றப்பட்ட அந்த ஏழை மக்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. தன் விருப்பத்தோடு, திரும்பிவரும் சீட்டும் கையிலிருக்க, படிப்பதற்கென்று ஒரு பெண் இக்கரைவிட்டுச் செல்வது எத்துணை பெரிய மாற்றம் என்று தந்தை மெல்லச் சொன்னார். அடகுவைக்கப்போகும் நகையைப் பற்றி அதன்பின் எவரும் அன்று பேசவில்லை.

இவ்வூரில் இன்னொரு பரிமாற்றமும் நிகழ்ந்தது. 1632 முதல் 1642 வரை ஆபிரகாம் ரோஜர் என்னும் டச்சுப் போதகர் பழவேற்காட்டில் பணியாற்றினார். பத்மநாபன் என்னும் அந்தணர் ஒருவரிடம் இம்மண்ணின் சமயத்தையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டு எழுதினார். இருவருக்கும் பொதுவாயிருந்த மொழி போர்த்துகீசு. பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்களைப் பத்மநாபன் அம்மொழியில் எடுத்துரைக்க, ரோஜர் அவற்றைத் தம் மொழியில் வடித்தார். ரோஜர் 1649இல் காலமானார். அவருடைய நூல் 1651இல் லெய்டன் நகரில் அச்சேறியது. 'திறந்த கதவு' என்று தொடங்கும் தலைப்புடையது அது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சில் வந்தது அதுவே முதன்முறை என்பர்.

ஒருவர் தம் நாட்டைவிட்டு வந்து பொறுமையோடு கேட்டார். மற்றவர் தம்முடையதை நன்கறிந்திருந்து எடுத்துச் சொன்னார். இருவரும் இருந்தமையாலன்றோ கதவு திறந்தது? பத்மநாபன், 'சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது' என்று எண்ணியிருந்தால் ரோஜரின் பத்தாண்டும் வீணாகியிருக்கும். பரிமாற்றம் என்னும் சொல்லுக்கே பொருள் கொடுத்தலும் கொள்ளலும்தான். வெறுங்கையோடு செல்பவர் கொள்ள மட்டுமே இயலும்.

கல்லறைக் கல் ஒன்றில் பொறித்திருந்த டச்சுச் சொற்களை, கைப்பேசியில் சில நாட்களாகத் தான் பழகிவந்த மொழியறிவைக் கொண்டு பெண் கூட்டிப் படித்தாள். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்' என்று தொடங்கியது அது. ஆயா அருகில் வந்து, "அந்நிய ஊரில் செத்தவன். இவனுக்கும் ஒரு தாய் அங்கே காத்திருந்திருப்பாள்" என்று சொல்லி நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து செபித்தார். பின்னர் பேத்தியின் பக்கம் திரும்பி, "நீ போய்விட்டு வா. ஆனால், வாரம் ஒருமுறையாவது முகத்தைக் காட்டு" என்றார். அதுவே அவர் தந்த அனுமதி.

திரும்பியபின்

ஜூலைத் திங்களின் மூன்றாம் வாரம், பல்கலைக்கழகத்தின் வழியாகவே மாணவர் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. கிடைக்காவிடில் இவ்வாண்டு போவதில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தந்தை முன்னரே சொல்லி வைத்திருந்தார். அவ்வுறுதி இருந்தமையால்தான் குடும்பம் அந்த வாரங்களை அமைதியாகக் கழித்தது. நகை அடகுக் கடைக்குப் போயிற்று. மகள் திரும்பிவந்து வேலை தேடி மீட்பதென்றும், அதுவரை வட்டியைத் தந்தை கட்டுவதென்றும் ஏற்பாடு. ஐந்து பவுனுக்கு ஈடு கிடைக்குமா என்பதை இனிவரும் ஆண்டுகள்தாம் கூறும்.

நாம் கடைசியாகச் சென்றபோது பெட்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது. டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடும் என்பதால் கனத்த குளிர்சட்டை ஒன்று, தாய் அரைத்த பொடிகள், செபமாலை, தாள்களின் நகல்கள் இரண்டு தொகுதி, ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில். அறிமுகத் தாளையும் திருத்தி எழுதியிருந்தாள். முதல் வரி இப்போது இவ்வாறு இருந்தது: 'நான் ஆரணியைச் சேர்ந்தவள். எங்கள் ஆறு சென்று சேரும் ஊரில் உங்கள் முன்னோர்கள் இருநூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.' தந்தை அதைப் படித்தார். இம்முறையும் ஒன்றும் பேசவில்லை. ஆனால், எழுந்து போகவுமில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, நம் பங்குகளிலிருந்து இன்று பிள்ளைகள் படிப்பின் பொருட்டுப் பல நாடுகளுக்கும் செல்கிறார்கள். தாள், பணம், பெட்டி ஆகியவற்றை ஆயத்தம் செய்ய நமக்குச் சொல்லித்தர அலுவலகங்கள் உண்டு. சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்க நம்மையன்றி எவருமில்லை. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டிலுள்ள முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வது எந்தப் பாடநூலிலும் இராது. பரிமாற்றம் இருவழிப் பாதையாதலால், அங்கிருந்தும் ஒரு மாணவர் ஒருநாள் நம்மூருக்கு வரக்கூடும். அன்று அவருக்கும் அந்த ஆற்றைக் காட்ட நாம் அறிந்திருக்க வேண்டுமன்றோ?